கேரம் காய் அளவு கருவட்டம்: வடசென்னைக்கு ஒரு துப்பாக்கி சுடும் லீக்

வடசென்னையில் வளர்ந்தவர்களிடம் முதன்முதலில் துப்பாக்கியைக் கையில் பிடித்தது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மெரினா மணல் என்பார்கள். மீதிப் பேர் திருவொற்றியூர் மாசித் திருவிழா என்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கடைதான், பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாக ஒட்டிய பலூன்கள், குழலை மடக்கிக் குண்டு போடும் பழைய ஏர்கன், பின்னால் நின்று கட்டையைத் தோளில் முட்டுக்கொடுக்கும் அப்பா. எனக்கும் அப்படித்தான். கடைக்காரர் மட்டும் காதருகே வந்து, "கொஞ்சம் லெஃப்ட்ல வெச்சு அடி கண்ணு, இது ரைட்ல இஸ்க்கும்" என்றார். அந்தத் துப்பாக்கியின் கோணல் அவருக்குத் தெரியும். சொன்னபடி அடித்தேன், பலூன் வெடித்தது. அந்த ஒரு வெடிச் சத்தத்துக்காக அன்று மூன்று முறை அப்பாவைக் காசு கொடுக்க வைத்தேன்.

அந்தக் கடையைத் தாண்டி இந்த விளையாட்டு எங்கள் பக்கம் பெரிதாக வளரவில்லை. ஏன் வளரவில்லை, இப்போது வளர வழி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரை.

கேள்வி இப்போது எழக் காரணம் இருக்கிறது. இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 2025-ல் 'ஷூட்டிங் லீக் ஆஃப் இந்தியா' என்ற பெயரில், அணிகளை ஏலத்தில் விடும் முறையிலான ஒரு லீக்கை அறிவித்தது. பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிகள் என்பது அதன் அடிப்படை. கிரிக்கெட்டுக்கு 2008-ல் ஐ.பி.எல். வந்தது, கபடிக்கு 2014-ல் புரோ கபடி வந்தது, அந்த வரிசையில் இது. செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரே பேச்சு: மேலே ஒரு லீக் வருகிறது, சரி. ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பெரம்பூர் என்று ஏரியா அணிகளை வைத்துக் கீழே ஒன்றை நாமே தொடங்க முடியாதா? ரைஃபிள், பிஸ்டல் இரண்டுக்கும் சேர்த்து?

முடியும் என்பது என் எண்ணம். அதற்கு முதலில் இந்த விளையாட்டின் அளவுகளைப் பார்க்க வேண்டும்.

ஒலிம்பிக்கில் இருக்கும் துப்பாக்கிப் போட்டிகளில் வீட்டுக்கு மிக அருகில் கொண்டுவரக்கூடியவை இரண்டு: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல். இரண்டிலும் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பெல்லட் என்கிறோமே, அதுதான்.

ஏர் ரைஃபிளின் டார்கெட்டில் வளையங்கள் மொத்தமும் 45.5 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கிவிடும். குறி பார்ப்பதற்கான கருவட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்து, அதாவது பத்து மதிப்பெண் தரும் இடம், 0.5 மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் தொட்டு எடுத்தது போல. இந்த எண்களைப் படித்தபோது எங்கேயோ பார்த்த அளவாக இருக்கிறதே என்று தோன்றியது. வீட்டிலிருந்த கேரம் போர்டை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். போட்டி விதிப்படி கேரம் குழியின் விட்டம் 44.5 மில்லிமீட்டர், ஒரு மயிரிழை கூடலாம், குறையலாம். காயின் விட்டம் 30-லிருந்து 32 மில்லிமீட்டருக்குள். அதாவது ஏர் ரைஃபிள் டார்கெட் முழுவதும் கிட்டத்தட்ட ஒரு கேரம் குழி, அதன் கருவட்டம் ஒரு கருப்புக் காய். அந்தக் காயைப் பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டி வைத்து, அதன் நடுவே ஒரு புள்ளியை அடிக்கச் சொல்வதுதான் இந்த விளையாட்டு.

வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வியாசர்பாடியிலிருந்து போய் 2008-ல் கேரம் உலகப் பட்டம் வென்றவர் இளவழகி. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்த காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்தார். மூலைக்கு மூலை மன்றம், மன்றத்துக்குள் குண்டு பல்பு, பல்புக்குக் கீழே பவுடர் தூவிய போர்டு, அதைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்துப் பேர். விரல் நுனியில் இருக்கும் அந்த அடக்கம் இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. துப்பாக்கி சுடுதல் கேட்பதும் அதைத்தான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கேரத்தில் ஸ்ட்ரைக்கரை அடித்ததும் கை விடுதலையாகிவிடும். துப்பாக்கியில் குண்டு போன பிறகும் ஒன்றிரண்டு நொடி அப்படியே நிற்க வேண்டும். ஆனாலும் ஒரு நல்ல கேரம் பிள்ளையை லேனில், அதாவது ஒருவர் நின்று சுடும் தடத்தில், நிறுத்தினால், அந்தப் பிள்ளை தொடங்கும் இடம் மற்றவர்களைவிட நான்கு படி மேலே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு முறை பயிற்சி நிலையம் ஒன்றில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஏர் பிஸ்டல். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கிடக்கும். பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கேட்பதற்குச் சின்ன எடை. கையை நீட்டி ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பத்து நொடி பிடித்துப் பாருங்கள், தெரியும். அவள் கையைத் தூக்கினாள், கருவட்டத்துக்கு மேலே போய் மெல்ல இறங்கினாள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். பிஸ்டல் முனை ஒரு எறும்பு நடப்பதுபோல் அசைந்தது. ஐந்து நொடி, ஆறு, ஏழு. சுடவில்லை. கை மெதுவாக இறங்கி மேசைக்கு வந்தது. பின்னால் இருந்த கோச் அப்போதுதான் வாய் திறந்தார்: "இது, இதுதான் கரெக்டு. எறக்கி வெக்கத் தெரிஞ்சவதான் சுடத் தெரிஞ்சவ." அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சுட்டதைவிட இறக்கி வைத்ததுதான் என் கண்ணில் நிற்கிறது. ஆத்திரத்தில் ட்ரிகரை இழுத்தால் வளையம் எட்டுக்கோ ஏழுக்கோ ஓடிவிடும். தன் மனசு தயாராக இல்லை என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்து, தானே நிறுத்துகிறாள். பதின்மூன்று வயதில் நமக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இனி லீக் விஷயம். இந்த விளையாட்டைப் பார்வையாளருக்குக் கொண்டுபோவதில் உள்ள பெரிய சிக்கல் அதன் தகுதிச் சுற்று. 60 சுடுகள், ஒன்றே கால் மணி நேரம். ஐம்பது பேர் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். யார் முன்னே போகிறார், யார் தடுமாறுகிறார் என்பது திரையைப் பார்த்தால்தான் புரியும். பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இறுதிச் சுற்று அப்படி இல்லை. எட்டுப் பேர், ஒவ்வொரு சுடுக்கும் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடும் தசம மதிப்பெண், கடைசியில் இருப்பவர் வெளியே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலத்தோடு வெளியேறியபோது, அவரை அதற்கு மேலே போகவிடாமல் தடுத்தது 0.1 புள்ளி. அதைப் பார்த்தவர்கள் யாரும் இது போரடிக்கும் விளையாட்டு என்று சொல்லவில்லை.

லீக் என்றால் ஒவ்வொரு சுடும் ஒரு எதிராளிக்கு எதிராக இருக்க வேண்டும். கலப்பு அணிப் பதக்கப் போட்டி அப்படித்தான் நடந்தது. ஒரு அணியில் ஒரு பெண், ஒரு ஆண், ஆளுக்கு ஒரு சுடு. இருவர் மதிப்பெண்ணையும் கூட்டி, அதிகம் எடுத்த அணிக்கு 2 புள்ளி, சமமானால் ஆளுக்கு 1. முதலில் 16 தொடும் அணி ஜெயித்தது. மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் பாரிஸில் தென்கொரியாவை 16-10 என்று வென்றது இந்தக் கணக்கில்தான். விதி தெரியாதவர்கூட இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

ஜெர்மனிக்காரர்கள் இதை வேறு வகையில், நீண்ட காலமாகச் செய்துவருகிறார்கள். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் புண்டஸ்லிகா என்ற தேசிய லீக் நடக்கிறது. ஒரு அணிக்கு ஐந்து பேர். என் அணியின் முதல் ஆள் உன் அணியின் முதல் ஆளோடு, இரண்டாம் ஆள் இரண்டாம் ஆளோடு, இப்படி ஐந்து ஜோடி பக்கத்துப் பக்கத்து லேனில் நின்று ஆளுக்கு 40 சுடுகள். ஜோடியில் ஜெயித்தவர் அணிக்கு ஒரு புள்ளி. சமமாக முடிந்தால் ஒற்றைச் சுடு வைத்து முடிவு செய்கிறார்கள். யார் எத்தனையாவது இடத்தில் நிற்பது என்பதைச் சராசரி மதிப்பெண் தீர்மானிக்கும், பலமான ஆளைக் கீழே ஒளித்துவைக்க முடியாது. நடப்பது பெரும்பாலும் சின்ன ஊர்களின் விளையாட்டுக் கூடங்களில். பார்க்க வருகிறவர்கள் மேளமும் மணியும் கொண்டுவந்து அடித்துத் தீர்க்கிறார்கள். துப்பாக்கி சுடும் இடத்தில் சத்தமே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். எங்கள் ஜனங்களை இரண்டு மணி நேரம் வாய் மூடி உட்காரச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். பறையோடு வரட்டும், கானா பாடட்டும். அந்தச் சத்தத்துக்குள் நின்று பத்து அடிக்கிற பிள்ளை எந்த ஊர் மைதானத்திலும் அடிக்கும்.

ஜோடி ஜோடியாக மோதி, அதை அணிக் கணக்கில் சேர்ப்பது நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் அப்படித்தான் இருந்தன. மேடையில் மோதுவது இரண்டு பேர். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு பரம்பரை, ஒரு வாத்தியார், ஒரு தெரு நின்றது. தோற்றவனுக்காக ஏரியாவே தலைகுனிந்தது, அடுத்த சண்டைக்கு ஏரியாவே தயார் செய்தது. தனிநபர் விளையாட்டுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று நிர்வாகவியல் படித்தவர்கள் இன்று யோசிக்கிறார்கள். எங்கள் தாத்தாக்கள் அதைக் கயிறு கட்டிய மேடையில் செய்து காட்டிவிட்டார்கள்.

அதனால்தான் ஏலத்தில் அணி எடுக்கும் லீக் மட்டும் போதாது என்கிறேன். புரோ கபடி ஏன் நின்றது? அது தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பே ஊருக்கு ஊர் கபடிக் குழு இருந்தது. திரையில் பார்த்த பையன் மறுநாள் காலையில் திடலுக்குப் போய் ரெய்டு போக முடிந்தது. பேட்மிண்டன் லீக்கைப் பாருங்கள். உலகத் தரமான ஆட்டக்காரர்கள் வந்தார்கள், 2020-க்குப் பிறகு அது நடக்கவில்லை. துப்பாக்கி சுடுதல் பேட்மிண்டனைவிடவும் எட்டாத இடத்தில் இருக்கிறது. டி.வி.யில் பத்து நாள் பார்த்து ஆசைப்பட்ட தண்டையார்பேட்டைப் பிள்ளை பதினோராம் நாள் எங்கே போகும்? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நடந்தபோது, துப்பாக்கி சுடுதல் வேளச்சேரி பக்கம் குருநானக் கல்லூரியில் நடந்தது. நல்ல இடம், குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணூரிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை துப்பாக்கிப் பெட்டியையும் ஜாக்கெட் பையையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி, மாறி, வேளச்சேரி போய்ச் சுட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுதத் திரும்பிவர முடியுமா? வாரத்தில் ஒரு நாள் முடியலாம். இந்த விளையாட்டு வாரத்தில் ஐந்து நாள் கேட்கும்.

தமிழ் நிலத்திலிருந்து இந்த விளையாட்டில் பெரிய பெயர்கள் இல்லாமல் இல்லை. பாரிஸில் டிராப் பிரிவில், அதாவது பறக்கும் தட்டை ஷாட்கனால் சுடும் போட்டியில், சுட்டவர் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். ஏர் ரைஃபிளில் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக நின்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ஆனால் அவர் வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் குஜராத்தில். ஒருவருக்கு வாய்ப்பு குடும்பத்திலேயே இருந்தது. இன்னொருவருக்கு வேறு மாநிலத்தில் கிடைத்தது. கொடுங்கையூர்ப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பதில் இடத்தில் இருக்கிறது. 10 மீட்டர் லேன் ஒன்றுக்கு ஒரு மீட்டர் அகலம் இருந்தால் விதிப்படி போதும். சுடுகிறவர் நிற்கவும் நடுவர் நடக்கவும் பின்னால் கொஞ்சம், டார்கெட்டுக்குப் பின்னே குண்டு தாங்கும் சுவர், எல்லாம் சேர்த்து ஐம்பது அடி நீளக் கூடம். மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு நடக்காத நாட்களில் பூட்டித்தானே கிடக்கின்றன. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கி வைக்கப்பட்டது. சாலை, குடிநீர், மருத்துவமனை எல்லாம் வேண்டியவைதான். அந்தப் பெரும் கணக்கில் நான்கைந்து கூடங்களுக்கு ஒரு பக்கச் சுவரை மட்டும் குண்டு தாங்கும்படி மாற்றித் தருவது ஒரு துளி.

அடுத்தது காசு. இங்கேதான் கூசாமல் பேச வேண்டும். போட்டித் தரமான வெளிநாட்டு ஏர் பிஸ்டல் ஒன்று லட்சத்தைத் தாண்டும். ரைஃபிள் அதற்கும் மேலே. ரைஃபிளோடு செலவு நிற்காது: விறைப்பான ஜாக்கெட், அதே போல் பேன்ட், தட்டை அடி ஷூ, கையுறை. ஐந்தரைக் கிலோ வரை இருக்கும் ரைஃபிளை நின்ற நிலையில் பிடிக்க முதுகுக்கு அந்தத் தாங்கல் வேண்டும். ஜாக்கெட் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டும், வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத கூடத்தில் கித்தானும் தோலும் சேர்ந்த அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வடசென்னை லீக் பிஸ்டலில் தொடங்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. பிஸ்டலுக்கு டி-ஷர்ட் போதும், சாதாரணத் தட்டை ஷூ போதும். பிஸ்டலைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கைப்பிடியில் மட்டும் சிக்கல் உண்டு. அது கைக்கு ஏற்றபடி செதுக்கிய மரம், சிறியது, நடுத்தரம், பெரியது என்றும் இடது கை, வலது கை என்றும் தனித்தனியாக வரும். அணிக்கு இரண்டு பிஸ்டல், ஒன்று சின்னக் கைக்கு, ஒன்று பெரிய கைக்கு என்று கிளப் வாங்கி வைத்தால் பத்துப் பிள்ளைகள் பழகலாம். தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண் மதிப்பெண்தான், தசமம் கிடையாது. அதனால் விலை உயர்ந்த எலக்ட்ரானிக் டார்கெட் இல்லாமல் காகித டார்கெட்டிலேயே லீக் நடத்தலாம். கயிறும் உருளையும் கட்டி இழுத்தால் டார்கெட் கைக்கு வந்துவிடும். நடுவர் துளையில் அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்வார், ஒரு பையன் கரும்பலகையில் எழுதுவான். ஒரு டப்பாவில் 500 பெல்லட். தினம் 60 சுட்டால் ஒரு ஆளுக்கு எட்டு நாள் வரும்.

ரைஃபிளையும் விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் 'ஓப்பன் சைட்' ஏர் ரைஃபிள் என்று ஒரு பிரிவை நம் சங்கங்களே நடத்துகின்றன. துளை வழியே பார்க்கும் விலை உயர்ந்த குறிக்கருவி இல்லாமல், வெறும் பள்ளமும் முனையும் வைத்துச் சுடுவது. உள்நாட்டுத் துப்பாக்கி போதும். பலூன் கடையிலிருந்து வரும் பிள்ளைக்கு அதுவே சரியான அடுத்த படி.

என் கணக்கு இப்படி: ஆறு ஏரியா அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் ஒரு முறை மோதினால் மொத்தம் 15 ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று ஆட்டம், ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். ஜெர்மனிக்காரர்கள்போல் ஐந்து ஜோடியையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் பத்து பிஸ்டல் வேண்டும். வேண்டாம். குத்துச்சண்டை போல ஒவ்வொரு ஜோடியாக வரட்டும். இரண்டு லேன், ஆளுக்கு 20 சுடு, கால் மணி நேரம். பார்ப்பவர்களுக்கும் யார் யாரோடு என்பது குழம்பாது. ஐந்து ஜோடியில் குறைந்தது இரண்டு பெண்களின் ஜோடி என்று முதல் நாளே விதியில் எழுதிவிட வேண்டும். 2018-லிருந்து உலகப் போட்டிகளில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சுடுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். தூரம், டார்கெட், துப்பாக்கி எல்லாமே ஒன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இதே லேனில் சுடலாம். அவனி லெகரா ஏர் ரைஃபிளில் டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வாங்கியது இதே 10 மீட்டரில். கூடத்துக்கு ஒரு சரிவுப் பாதை கட்டுங்கள், அது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது பணத்தைவிடக் கனமானது. வடசென்னை, துப்பாக்கி என்ற இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தால் கேட்பவர் முகம் மாறுகிறது. என் தங்கை மகனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்க்கப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். படிவத்தில் முகவரியைப் படித்தவர் நிமிர்ந்து, "அந்த ஏரியாவா? வீட்ல எல்லாரும் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். பையன் பக்கத்திலேயே நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுப்பதில்லை. எனக்கு அந்த மௌனம் இன்னும் ஆறவில்லை.

தமிழில் 'துப்பாக்கிச் சூடு' வேறு, 'துப்பாக்கி சுடுதல்' வேறு. முதலாவது எங்கள் மண்ணில் நினைவாகக் கிடக்கிறது. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கத்துப் பெரியவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்ட கதை அது. ஆகவே துப்பாக்கி என்றதும் ஒரு அம்மா தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு வேர் இருக்கிறது. அவரைக் கூடத்துக்குள் கூட்டிவந்து உட்காரவைத்துக் காட்டுவதுதான் ஒரே வழி. நடுவர் சொல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்பதைப் பார்ப்பார். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடி செருகியிருப்பதையும், "ஸ்டாப்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பத்துக் கைகளும் ஒன்றாக இறங்குவதையும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்கை அவர் பார்த்திருக்க மாட்டார்.

சட்டமும் வழிவிடுகிறது. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. .22 தோட்டாத் துப்பாக்கிக்குப் போனால்தான் உரிமம், இறக்குமதி அனுமதி, தோட்டாக் கணக்கு என்று கதவுகள் வரும். ஏரியா லீக் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆனாலும் உரிமம் வேண்டாம் என்பதற்காகத் துப்பாக்கியைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக விடக் கூடாது என்பேன். கூடத்திலேயே இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, கையெழுத்துப் புத்தகம். பகுதிக் காவல் நிலையத்துக்கு முதல் நாளே எழுத்தில் தெரியப்படுத்திவிட வேண்டும், தொடக்க ஆட்டத்துக்கு ஆய்வாளரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.

பிள்ளைகள் இதில் எதற்காகப் போக வேண்டும் என்று கேட்கும் வீடுகளுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஏரியா லீக் சான்றிதழ் எந்த வேலைக்கும் உதவாது, அதை மறைக்கக் கூடாது. மாநிலப் போட்டி, பிறகு அகில இந்திய மாவ்லங்கர் போட்டி, அதிலிருந்து தேசியப் போட்டி என்பதுதான் ஏணி. லீக் அந்த ஏணியின் அடியில் தரையைச் சமன்செய்து கொடுக்கும், அவ்வளவே. ஏறியவர்களுக்கு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே இருக்கிறது. பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப்.-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பெரம்பூர், அயனாவரம் வீடுகளுக்கு ரயில்வே வேலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் தொடக்கத்திலேயே சரியாகச் செய்ய வேண்டும். பெல்லட் ஈயம். காற்றோட்டம் இல்லாத அறையில் தூளாகி மிதக்கும், விரலில் ஒட்டும், அதே விரலோடு சமோசா சாப்பிட்டால் உடம்புக்குள் போகும். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை ஏற்கெனவே எங்கள் பிள்ளைகளின் மூச்சில் போதுமான அளவு கலந்திருக்கிறது. கூடத்து வாசலில் குழாயும் சோப்பும் இருக்க வேண்டும். கை கழுவாத அணிக்கு அன்றைக்குப் புள்ளி கிடையாது என்று விதி போட்டாலும் தவறில்லை.

போன வாரம் எங்கள் பகுதிச் சமுதாய நலக்கூடத்தில் ஒரு சீமந்தம். சாப்பாடு முடிந்து பந்தியை எடுத்த பிறகு, தங்கை மகனைக் கூப்பிட்டு டேப்பின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். எதற்கென்று கேட்காமல் மேடை ஓரத்துச் சுவரில் வைத்துப் பிடித்தான். நான் வாசல்வரை நடந்தேன். ஐம்பத்து மூன்று அடி. எண்ணைச் சொன்னதும் அவன் டேப்பை விடாமல் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தான். "இந்தப் பக்கம் செங்கல்தான் மாமா" என்றான்.